வர வேண்டாம் என்று வந்த போன்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் வேலை பார்க்கும் காகித மில்லிலிருந்து. உள்ளே இருப்பது மனைவி. போன தடவை அவளுக்கு ஆபரேஷன் நடந்தபோதும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் கண் விழித்த நேரத்தில் இவர் ஒரு பம்புக்கு அடியில் படுத்துக் கிடந்தார். இந்த முறை என்ன ஆனாலும் கூடவே இருப்பேன் என்று அவளிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

"அண்ணே, நான்தான்" என்றாள் பம்ப் ஆபரேட்டர்.

இவளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மிஷினை ஓட்டுகிறவர்களே தினமும் அதைத் துடைத்து, கிரீஸ் போட்டு, தளர்ந்த போல்ட்டை இறுக்க வேண்டும் என்று ஆறு மாதத்துக்கு முன்பு மேனேஜர் சொன்னபோது மெக்கானிக் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா! "என் ஸ்பானரைத் தொட்டா கையை ஒடிப்பேன்" என்றார். மேனேஜர் விடவில்லை. மெக்கானிக் வேண்டாவெறுப்பாகக் கற்றுக்கொடுத்தார், சந்தேகம் கேட்டவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தார். இவளோ திட்டை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு, வேலையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

"காலையில துடைக்கும்போது பாத்தேண்ணே. பெரிய பம்போட அடி போல்ட் ரெண்டு ஆடிட்டு இருந்துச்சு. அப்படியே ஓட விட்டிருந்தா பம்பே போயிருக்கும். ஸ்பேர் பம்பை ஓட விட்டு, இதை நிறுத்தி இறுக்கிட்டோம்."

மெக்கானிக் எழுந்தே விட்டார். "இரு, இப்பவே கிளம்பி வர்றேன்."

"ஐயோ, வராதீங்கண்ணே! அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். வேற யாராவது சொன்னா அடிச்சுப் பிடிச்சு ஓடி வருவீங்க. அண்ணி பக்கத்துலயே இருங்க."

நியாயமாக மனிதர் அந்த இடத்தில் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போல்ட்டை எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்குனியா?" என்று அதட்டினார்.

"நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான்" என்று சிரித்துவிட்டு வைத்தாள்.

மத்தியானம் மனைவி கண் திறந்தாள். இவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கிளம்பணுமா?"

"இல்லம்மா. இன்னைக்குப் பூரா இங்கதான்." நடந்ததைச் சொன்னார்.

"அந்தப் பொண்ணுக்கு தேங்க்ஸ் சொன்னீங்களா?"

"போல்ட்டைப் பத்திக் கேட்டேன்."

"நல்லாக் கேட்டீங்க, போங்க" என்று வலியோடு சிரித்தாள்.

அவர் போனைப் போட்டார். "என்னாச்சுண்ணே?" என்று பதறினாள் ஆபரேட்டர்.

"ஒண்ணும் ஆகல. உங்க அண்ணி முழிச்சுட்டா. முழிச்சப்ப நான் பக்கத்துல இருந்தேன்மா." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நீதான் இருக்க வெச்ச."