கதவுக்கு அந்தப் பக்கம்

அவளுடைய முன்பற்கள் இரண்டும் அவளே செய்துகொண்டவை. பல் செட் செய்கிற லேபில் பதினோரு வருஷமாக வேலை. முன்னாள் கணவன் மூன்றாவது தடவையாகக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து, அவள் முகத்தைச் சமையல் மேடையில் மோதினான். அடுத்த வாரம் தன் வாய்க்குத் தானே அச்செடுத்து, மெழுகில் செதுக்கி, மற்ற பற்களோடு நிறம் ஒத்துப் பார்த்துக் கட்டிக்கொண்டாள். லேபில் யாரும் என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று அங்கே எல்லோருக்கும் நினைப்பு.

விவாகரத்தாகி இரண்டு வருஷம். அவன் நூறு மீட்டருக்குள் வரக் கூடாது என்று கோர்ட் உத்தரவு இருந்தது. கசங்கிவிடக் கூடாதே என்று அதை லேமினேட் செய்து வைத்திருந்தாள். போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதை வெச்சு அவனை ரெண்டு நாள் உள்ள வைக்கலாம்மா. மூணாம் நாள் வெளிய வந்துருவான். உங்க வாசல்ல ஒரு ஆளைக் காவலுக்குப் போட என்னால முடியாது. பேசாம கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேளுங்க. உங்களுக்குக் குடுக்காம வேற யாருக்குக் குடுக்கப் போறாங்க?”

ஐந்து மாதம் அலைந்தாள். டாக்டர் சர்டிபிகேட், கைரேகை, பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரின் நற்சான்று, நாற்பது மணி நேரப் பயிற்சி. எல்லாம் முறைப்படி. பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தோட்டா போவதற்கு முன்னால் அவர் வாய் போய்விடும். அந்த அளவுக்குப் பேச்சு.

“கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறது யாருன்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு நிக்காதே. நீ ஆராய்ஞ்சு முடிக்கிறதுக்குள்ள உன் பொண்ணு தாயில்லாப் பிள்ளை ஆயிருவா” என்றார்.

அந்த வகுப்பில் அவள்தான் முதல். மெழுகில் பல் செதுக்கிய கை. நடுங்கவே இல்லை.

லைசென்ஸ் வந்து ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஏழு வயது மகளுக்குக் காய்ச்சல். அவள் லீவு போட்டுவிட்டு, ஈரத்துணியைப் பிழிந்து பிள்ளையின் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தாள். பகல் பதினொன்று இருக்கும். யாரோ கதவை ஓங்கித் தட்டினார்கள். காலிங் பெல் கிடையாது. அவன் வந்தால் பெல்லில் வைத்த விரலை எடுக்கவே மாட்டான் என்று ஒயரை அவளே அறுத்துப் போட்டிருந்தாள்.

“யாரு?” என்றாள். அவளுக்கே கேட்காத குரல்.

மறுபடியும் தட்டல். பிறகு கைப்பிடி திரும்பியது.

மகள் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். “அம்மா, அப்பாவா?”

அவ்வளவுதான். அலமாரி டிராயர், துப்பாக்கி, அதன் சேஃப்டி பூட்டு, இரண்டு கையாலும் பிடி. கதவின் நடுவில், ஒரு ஆளின் நெஞ்சு இருக்க வேண்டிய உயரத்தில், இரண்டு தடவை சுட்டாள்.

கதவைத் திறந்தபோது எதிர்ச் சுவரில் சாய்ந்து ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூரியர் கம்பெனியின் மஞ்சள் சட்டை. மடியில் கயிறு கட்டிய ஒரு அட்டைப் பெட்டி. பிள்ளையின் பள்ளிக்கூட ஷூ. போன வாரம் ஆர்டர் போட்டது. தட்டித் தட்டி அலுத்து, பெட்டியைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகலாம் என்று பார்த்திருக்கிறார்.

“பார்சல்தாங்க்கா” என்றார், ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் போல. ஆம்புலன்ஸ் வரும்போது அவர் இல்லை.

இன்ஸ்பெக்டர் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். “லைசென்ஸ் இருக்கு. கோர்ட் ஆர்டர் இருக்கு. பழைய புகார் மூணு இருக்கு. உயிருக்குப் பயந்து சுட்டது. ஒண்ணும் ஆகாது, தைரியமா இருங்க.”

சொன்னபடியே ஒன்றும் ஆகவில்லை. நான்கு மாதத்தில் விசாரணையை முடித்து, துப்பாக்கியைத் துடைத்து, உறையில் போட்டு, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் முன்னாள் கணவன் ஊரை விட்டே போயிருந்தான். “அவ சுடுவாடா” என்று நண்பர்களிடம் சொல்லிவிட்டுப் போனானாம். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் விடிகிறவரை தூங்கினாள். அப்படித் தூங்கியதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

மாஸ்டர் புது வகுப்புக்கு அவளை வரச் சொன்னார். போக மனசில்லை. ஆனாலும் போனாள்.

“பாருங்க! மூடின கதவு. ஆள் கண்ணுக்கே தெரியல. ரெண்டு தோட்டா, ரெண்டும் நெஞ்சுல!” என்றார். வகுப்பு கைதட்டியது.

“மாஸ்டர், அவர் பார்சல் கொண்டுவந்தவர்” என்றாள்.

“அது அப்புறம் தெரிஞ்ச விஷயம்மா” என்று சிரித்தார். பின்வரிசையில் ஒருவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு நாள் மத்தியானம் குப்பை கொட்டக் கதவைத் திறந்தாள். படிக்கட்டின் கடைசிப் படியில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். அளவு பொருந்தாத பெரிய மஞ்சள் சட்டை. கையில் ஒரு பெட்டி.

“எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?”

“முக்கால் மணி நேரம் இருக்கும்க்கா. தட்டினா சுட்டுருவீங்களோன்னு பயமா இருந்துச்சு.” அந்தப் பெண் பெட்டியை நீட்டினாள். “என் வீட்டுக்காரர் வேலையை எனக்குக் குடுத்திருக்காங்க. அவர் பார்த்த தெருவெல்லாம்தான். உங்க தெருவும் அதுல வருது.”

பெட்டியை வாங்கக் கை வரவில்லை. அந்தப் பெண்ணே அதைத் தரையில் வைத்தாள்.

“கடைசியா ஏதாவது சொன்னாராக்கா?”

“பார்சல்தாங்க்கான்னு சொன்னார்.”

“ம். அவருக்கு அதுதான் வரும்.” கொஞ்ச நேரம் கதவில் இருந்த இரண்டு ஒட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “எனக்கு உங்ககிட்ட வேற ஒண்ணும் வேணாம்க்கா. அந்தத் துப்பாக்கியை மட்டும் திருப்பிக் குடுத்துருங்க. நான் தினமும் இந்தப் படி ஏறணும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“குடுத்துர்றேன்” என்றாள். அந்த நேரத்தில் அது நிஜம்.

மறுநாளே லைசென்ஸ் ஆபீசுக்குப் போனாள். புதுப்பிக்கிற ஜன்னலில் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. ஒப்படைக்கிற ஜன்னலில் ஈ காக்கை இல்லை. கிளார்க் அவள் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நீங்கதானா அது? போன வாரம் ஒருத்தர் வந்து உங்க லைசென்ஸ் எப்ப முடியுதுன்னு கேட்டாரே.”

“யாரு?”

“சொந்தக்காரர்னு சொன்னார். உயரமா, மெலிஞ்ச ஆளு. லைசென்ஸ் விவரம் யார் கேட்டாலும் சொல்லணும், அதான் விதி. ஒப்படைச்சா அதையும் போர்டுல ஒட்டிருவோம்.” அவர் ஃபாரத்தை நீட்டினார். “கையெழுத்துப் போடுறீங்களா?”

முன்னாள் கணவனும் உயரம், மெலிந்த உடம்பு. அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பின்னால் யாரும் இல்லாததால் கிளார்க்கும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஃபாரத்தை அப்படியே திருப்பி வைத்துவிட்டு, பக்கத்து வரிசையின் வாலில் போய் நின்றாள். முதல் தடவை ஒரு வருஷத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள்; இப்போது மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் மஞ்சள் சட்டைக்காரி வந்தாள். படிக்கட்டிலேயே நின்று, “குடுத்துட்டீங்களாக்கா?” என்று கேட்டாள்.

அவள் அந்த முகத்தைப் பார்த்தாள். நிஜத்தைச் சொன்னால் இந்தப் பெண் வேலையை விட வேண்டும். இல்லையென்றால் தினமும் செத்துச் செத்துப் படியேற வேண்டும்.

“குடுத்துட்டேன்.”

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஓடி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். “நீங்க நல்லா இருக்கணும்க்கா” என்றாள்.

அதற்கப்புறம் வாரத்துக்கு இரண்டு முறையாவது வருகிறாள். பயம் தெளிந்துவிட்டது. கடகடவென்று படியேறி, உரிமையோடு ஓங்கித் தட்டுகிறாள். உள்ளே ஒவ்வொரு முறையும் டிராயர் திறக்கிறது. “யாரு?” என்று அவள் கேட்கிறாள். பதில் வரும்வரை கதவின் நடுவில், நெஞ்சு உயரத்தில், குறி வைத்தபடி நிற்கிறாள்.