ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய்

"வாயத் தொறங்க. தலைய ஆட்டாதீக."

தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்டு நனைத்து, கணவர் சங்கிலிமுத்துவின் சொத்தைப் பல்லுக்குள் அழுத்தினாள் முருகம்மாள். எண்ணெய் விருதுநகர் நாட்டுமருந்துக் கடையில் வாங்கியது. கலப்படமில்லை என்று காட்டக் கடைக்காரர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டார்; அடியில் போய் உட்கார்ந்தது. ஈறில் பட்டால் புண்ணாகும், விழுங்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

"எரியுதுடி! பட்டாசுக் கம்பெனியில நெருப்பே ஆகாதுங்காக, நீ என் வாய்க்குள்ள வைக்கியே."

"மருந்துன்னா எரியாம இனிக்குமா? சும்மா இருங்க."

கொஞ்ச நேரத்தில் எரிச்சல் அடங்கிப் பல் மரத்துப்போனது. இரண்டு நாளாகத் தூங்காத மனிதர், அன்று லீவு போட்டுச் சாத்தூரில் பல்லைப் பிடுங்குவதாக இருந்தார். தீபாவளிக்கு இருபது நாள்தான் பாக்கி. வலி விட்டதும் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஏழு மணி வேனில் ஏறிவிட்டார்.

பதினோரு மணிக்குத் தாயில்பட்டி முழுக்கச் சத்தம் கேட்டது. வெடிமருந்து அடைக்கிற அறை தரைமட்டமாகிவிட்டது. அது 2006.

காரியம் முடிந்த மறுநாள், அவருடைய அக்கா அய்யம்மாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "வலி இருந்திருந்தா எந் தம்பி வீட்டுல கெடந்திருப்பான். நீதான எண்ணெயத் தடவி அனுப்பி வச்ச."

முருகம்மாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து, காளீஸ்வரன் கையில் கட்டோடு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். அதே அறையில் வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்தவன். அவனிடம் அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"பல்லு வலின்னு எதுவும் சொன்னாகளா?"

"ஒம்பது மணிக்கே கன்னத்தப் பிடிச்சிட்டாரு மதினி. துண்ட எடுத்துத் தாடையோட சேத்துக் கட்டிக்கிட்டாரு. மாப்பிள்ளைக்கு உருமாத் தலப்பா கட்டியாச்சுன்னு நாங்க சிரிச்சோம். போர்மேன் வீட்டுக்குப் போகச் சொன்னாரு. அண்ணன் கேக்கல. 'கலந்த மருந்தப் போட்டுட்டுப் போகக் கூடாதுலே, அடைச்சிட்டுப் போறேன்'னாரு."

கலந்த மருந்தை அன்றன்றைக்கே அடைத்துத் தீர்க்க வேண்டும். மிச்சம் வைத்தால் ஆபத்து. கல்யாணத்துக்கு முன் அதே வேலை பார்த்தவள் அவள்.

சாயங்காலம் அவனையும் கூட்டிக்கொண்டு அய்யம்மாள் வீட்டுக்குப் போனாள். அவன் சொன்னதையே திரும்பவும் சொன்னான்.

"அப்போ வலியோடதான் இருந்திருக்கான்" என்றாள் அய்யம்மாள்.

"ஆமா மதினி" என்றாள் முருகம்மாள்.

கிராம்பு எண்ணெய் போட்டால் மரப்பு ஒரு மணி நேரம் நிற்கும். மிஞ்சிப்போனால் இரண்டு. ஒன்பது மணிக்குப் பிறகு அவரை அங்கே உட்கார வைத்தது எண்ணெய் இல்லை.