வெயிலில் போட்ட நாற்காலிகள்

காலையில் மைதானத்துக்குள் கால் வைத்ததுமே விசில் டீச்சருக்குக் கோபம் வந்தது. ஓடுபாதையின் குறுக்கே, வளைவில், நீளம் தாண்டும் மணல்குழியை ஒட்டி, எங்கு பார்த்தாலும் சுண்ணாம்பில் வட்டம் வட்டமாகப் போட்டு வைத்திருந்தார்கள். பிள்ளைகள் வட்டத்துக்கு வட்டம் தாவி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அவள் அந்தப் பெண்கள் பள்ளியின் விளையாட்டு ஆசிரியை. விசில் டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். உண்மையில் அவளுக்கு விசிலே தேவையில்லை. ஒரு குரல் கொடுத்தால் நாலு தெரு திரும்பிப் பார்க்கும்.

நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"என்ன சார் இது? கிரவுண்ட் பூரா பொட்டு வெச்சிருக்கு?"

"உட்காருங்க டீச்சர். நல்ல சேதிதான். நகரத்துல இருக்கிற பள்ளிக்கூடத்துக்கெல்லாம் அரசாங்கமே மரம் நட்டுத் தருது. கன்று, மண், வேலி, தண்ணி எல்லாம் அவங்க பொறுப்பு. வெள்ளிக்கிழமை அந்தத் திட்டத்தோட இயக்குநர் அம்மாவே வந்து முதல் கன்று நடறாங்க."

"சந்தோஷம். ஆனா ஓடற இடத்துல நட்டா பிள்ளைங்க எங்க ஓடும்? மரத்துமேல ஏறியா?"

"மரம் வேணாம்னு சொல்ற முதல் டீச்சர் நீங்கதான்."

"மரம் வேணாம்னு யார் சொன்னா? முன்னாடி சிமென்ட் முற்றத்துல வைங்க. காலையில நிக்கறது அங்க, மதியம் சாப்பிடறது அங்க, பிள்ளைங்க வேகறதும் அங்கதான். நிழல் அங்கதானே வேணும்?"

"சிமென்ட்டை உடைக்கணுமே."

"உடைங்க."

"அப்புறம் காரெல்லாம் எங்க விடறது?"

சொன்ன பிறகுதான் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில் விழுந்த ஒரே சுவர் நிழலில், அவருடைய கார் சுகமாக நின்றுகொண்டிருந்தது.

விசில் டீச்சர் அந்தக் காரைப் பார்த்தாள். போன மாதம் அதே இடத்துக்குப் பக்கத்தில்தான் மூன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்று வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தது. சிமென்ட் தரையில் தாடை மோதிக் கிழிந்துவிட்டது. ரத்தம் சொட்டச் சொட்ட ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள்தான். அன்று அவள் தோளில் அந்தக் குழந்தை அழக்கூட இல்லை. அதுதான் அவளை இன்னும் அறுத்துக்கொண்டிருந்தது.

வட்டம் போட்ட பொறியாளர் பின்வாசல் அருகே செடிகளை இறக்கிக்கொண்டிருந்தார். இளவயது, தொப்பி கண்ணை மறைத்தது. அவரிடமும் கேட்டாள்.

"மேடம், மண் தரைன்னா சட்டுனு தோண்டி நட்டுடலாம். சிமென்ட்னா மெஷின் வரணும், இடிச்சதை அள்ளணும், கீழ நல்ல மண் போடணும். வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகற காரியமா?"

"உடைக்கக் கூடாதுன்னு உத்தரவு இருக்கா?"

"கூடாதுன்னு இல்ல. உடைக்கச் சொல்லியும் இல்ல."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் வந்துவிட்டாள். எது போதும் என்று அவருக்கு விளங்கவில்லை.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். நாளெல்லாம் குளிரோடு மல்லுக்கட்டுகிற மனிதர்.

"வேலைக்கு வேட்டு வெச்சிடுவாங்க, பாத்துக்கோ" என்றார்.

"வெச்சா நீங்க இருக்கீங்கல்ல?"

"நான் இருக்கேன். உன்னை வீட்டுல வெச்சுக்கிட்டு எப்படி இருக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு அவள் போன் செய்தது பந்தல்காரருக்கு. வெள்ளிக்கிழமை விழாவுக்குப் பந்தலும் நாற்காலியும் அவருடையவை. தாடை கிழிந்த குழந்தையின் அப்பாவும் அவர்தான்.

"பந்தலைக் கொஞ்சம் தள்ளிப் போடணும்ணே" என்றாள். எங்கே என்றும் சொன்னாள்.

"போட்டுடலாம் தங்கச்சி. யாராவது கேட்டா?" என்றார்.

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. மழுப்ப வேணாம்."

வெள்ளிக்கிழமை இயக்குநர் அம்மா வந்து இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. சிமென்ட் முற்றத்தில் பெரிய பந்தல் போட்டிருந்தது. பந்தலுக்குள் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்கு வெளியே, கொதிக்கும் வெட்டவெளியில், விருந்தினர்களுக்கான நாற்காலிகள் கிடந்தன.

தலைமையாசிரியர் பந்தலையும் நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார். இடம் மாற்ற நேரமில்லை. இயக்குநர் அம்மா உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். இரும்பு நாற்காலி அப்படிச் சுட்டது.

"என்ன ஏற்பாடு இது?"

தலைமையாசிரியர் வாயைத் திறப்பதற்குள் விசில் டீச்சர் முன்னால் வந்தாள்.

"என் ஏற்பாடுதான் மேடம். பிள்ளைங்க தினமும் இந்த வெயில்லதான் நிக்கறாங்க. இன்னைக்கு மட்டும் இடம் மாத்திப் போட்டிருக்கேன்."

"என்னை அவமானப்படுத்தவா கூப்பிட்டீங்க?"

"இல்ல மேடம். நீங்க நட வந்த மரம் எங்க வேணும்னு வாயால சொல்லிப் பார்த்தேன், யாருக்கும் ஏறல. மரத்துக்காக ரெண்டு கையெடுத்துக் கும்பிடறேன். ஆனா இந்தப் பிள்ளைங்க ஓடறதுக்கு இருக்கிற ஒரே இடத்தையும் புடுங்கிக்கிட்டு, வேகற இடத்தை அப்படியே விட்டுட்டுப் போகாதீங்க."

"குழி எங்கே?" என்று இயக்குநர் அம்மா பொறியாளரைப் பார்த்துச் சீறினார். எல்லோரும் பின்பக்க மைதானத்துக்குப் போனார்கள். அங்கே குழியே இல்லை. தோண்ட வந்தவர்கள் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டப்பந்தய அணிப் பெண்கள் சுண்ணாம்பு வட்டங்களை மிதித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளைங்க ஓடறப்ப எப்படிங்க கடப்பாரை போடறது?" என்றார் அவர்களில் ஒருவர்.

"நிறுத்தச் சொல்லுங்க" என்றார் தலைமையாசிரியர்.

"பயிற்சி நேரம் சார்" என்றாள் விசில் டீச்சர். அவள் இடத்தைவிட்டு நகரவில்லை.

இயக்குநர் அம்மா நடாமலே காரில் ஏறினார். சிவந்த முகத்தை ஒருமுறை பந்தல் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த வாரமே விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. "ரெண்டு வரி மன்னிப்பு எழுதிக் குடுங்க டீச்சர், நான் பேசி முடிச்சுடறேன்" என்று தலைமையாசிரியர் கெஞ்சினார். அவர் கெட்டவர் இல்லை. சண்டை என்றால் காத தூரம் ஓடுகிறவர், அவ்வளவுதான். அவள் ரெண்டு வரி எழுதினாள். நாற்காலிகளை வெயிலில் போட்டது நானே. அதற்காக வருந்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பந்தல்காரர் தன் மச்சானோடு வந்தார். மச்சானிடம் சிமென்ட் உடைக்கும் மெஷின் இருந்தது. விஷயம் எப்படியோ பரவி, அம்மாக்கள் கூடையும் மண்வெட்டியுமாக வந்து சேர்ந்தார்கள். கேட்டைத் திறக்கச் சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. போனில் கேட்டதற்கு, "எனக்கு எதுவும் தெரியாது, நான் எதுவும் பார்க்கல" என்றவர், சாவியை மட்டும் வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

முதல் அடியை விசில் டீச்சர் கடப்பாரையால் போட்டாள். சிமென்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் தோள்பட்டை வரைக்கும்தான் விண்ணென்று தெறித்தது. "தள்ளிக்கோங்கம்மா, மெஷின் எதுக்கு இருக்கு?" என்று மச்சான் சிரித்தார். மெஷின் ஓட ஆரம்பித்ததும் தெருவே எட்டிப் பார்த்தது.

பொறியாளர் அலறியடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அனுமதி வாங்கினீங்களா? என் தலைதான் உருளும்!"

"செடியெல்லாம் எங்க தம்பி?" என்று கேட்டாள் அவள்.

"திருப்பி ஏத்திக்கிட்டுப் போயாச்சு. எங்க குடோன் பின்னாடி காஞ்சுக்கிட்டு இருக்கு."

"அது செத்தா உங்க தலை உருளாதா?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். உடைந்த பாளங்களுக்கு அடியில் தெரிந்த மண்ணைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தார். "இது செத்த மண். இதுல வெச்சா ஒண்ணும் நிக்காது. இன்னும் ஆழமா எடுக்கச் சொல்லுங்க" என்றார். சாயங்காலம் செம்மண் லாரி வந்தது. பின்னாலேயே கன்றுகள் வந்தன.

தண்டனையும் வராமல் இல்லை. விசில் டீச்சருக்கு அந்த வருடத்துச் சம்பள உயர்வு நின்றது. கணவர் அதைக் கேட்டுவிட்டு, "வேலை போகலையா? தப்பிச்சேன்டா சாமி" என்றார். நட்டதில் சில கன்றுகள் பட்டுப்போயின. தெருவில் விட்ட தலைமையாசிரியரின் காரில் எந்நேரமும் காக்கை எச்சம்.

மழைக்காலம் கழிந்து, கன்றுகளில் பாதி அவள் இடுப்பைத் தாண்டியிருந்தபோது, பொறியாளர் பார்வையிட வந்தார்.

"இயக்குநர் அம்மாவுக்கு உங்க மேல இன்னும் கோவம் தீரல மேடம். ஆனா இப்ப எந்தப் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பினாலும், முதல்ல சிமென்ட் எங்க இருக்குன்னு பாருன்னுதான் சொல்றாங்க."

"கோவம் இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் விசில் டீச்சர். "நேத்துத் தண்ணி லாரி வரல. அதை முதல்ல கேட்டுச் சொல்லுங்க."