பயணத்துக்கு இரண்டு ஊசி

தெருவில் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர். முப்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கி, "நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?" என்று கேட்டுக் கேட்டே இன்ஷூரன்ஸ் விற்றவர். அடுத்தவர் சாவில் அவ்வளவு அக்கறை. தனக்கென்று வந்தால் மட்டும் நோய் நொடியெல்லாம் வெறும் எண்.

கடல் கடந்த ஊரில் மகளுக்குத் தலைப்பிரசவம். பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதைத் தவிர அவர் மனைவிக்கு வேறு நினைப்பே இல்லை. அந்த ஊரிலோ கொசு பரப்பும் பொல்லாத காய்ச்சல். தடுப்பூசி போட்டுக்கொண்டு வரும்படி மகள் பணமும் அனுப்பியிருந்தாள்.

ஊசி போடும் நிலையத்துச் சுவரில் எழுதியிருந்தது: 'பயணத்துக்கு இரண்டு ஊசி. இடைவெளி ஒரு மாதம்.' கீழே விலை. சதவீதம் விலையை முதலில் படித்தார். முகம் சுருங்கியது. பிறகு மேலே படித்தார். மலர்ந்தது.

"பயணம் ஒண்ணு. ஊசி ரெண்டு. ஆளும் ரெண்டு. இன்னைக்கு எனக்கு, அடுத்த மாசம் உனக்கு. தீர்ந்துச்சு."

"ஆளுக்கு ரெண்டா இருக்கப் போகுதுங்க."

"அப்படி எழுதியிருக்கா? நூறு பேர் போனா ஒருத்தருக்குத்தான் காய்ச்சல் வருது. அந்த ஒருத்தரா ஆக நமக்கென்ன தலையெழுத்து?"

"அந்த ஒருத்தரும் இப்படித்தான் கணக்குப் போட்டிருப்பாரு."

கேட்டால்தானே! தன் ஊசியைப் போட்டுக்கொண்டு, பில்லில் சில்லறையைக் குறைக்கச் சொல்லிச் சண்டைபிடிக்க முன்னறைக்குப் போய்விட்டார். நர்ஸ் அவளைப் பார்த்தாள்.

"ஏம்மா, அவர் சாப்பிட்டா உங்க வயிறு நிறையுமா?"

மனைவி ஊசிக்குக் கையை நீட்டினாள்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே உள்ளதை உள்ளபடி சொன்னாள். "நானும் போட்டுக்கிட்டேங்க. ஆளுக்கு ரெண்டுதானாம். ஊசிப் புத்தகத்துல ரெண்டு முத்திரை இல்லாட்டி விமானத்துலயே ஏத்த மாட்டாங்களாம்."

"விக்கிறவ அப்படித்தான் பயமுறுத்துவா. முப்பது வருஷம் நான் வேற என்ன சொல்லி வித்தேன்?"

அடுத்த மாதம் கெஞ்சிக் கூப்பிட்டும் அவர் அசையவில்லை. அவள் தனியாகப் போய் இரண்டாவது முத்திரையை வாங்கி வந்தாள்.

விமான நிலையத்துப் பெண் இருவர் ஊசிப் புத்தகத்தையும் புரட்டினாள். "அம்மா போகலாம். ஐயா, உங்களுக்கு ஒண்ணு குறையுது. அதைப் போட்டு, பத்து நாள் கழிச்சு வாங்க."

"ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு இருக்கேம்மா! சராசரி பார்த்தா ஆளுக்கு ஒண்ணரை!"

"அரை ஆளை ஏத்துறதில்லீங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சதவீதம் மனைவி பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "நீயும் இரு. அந்த ஊர்ப் பாஷை ஒரு வார்த்தை தெரியாது உனக்கு. பத்து நாள்தானே, சேர்ந்தே போவோம்."

அவள் கல்யாணமான நாளிலிருந்து தனியாகப் பக்கத்து ஊருக்குக்கூடப் போனதில்லை. மகளுக்கோ டாக்டர் குறித்த நாள் வர இன்னும் ஆறே நாள்.

"குழந்தைக்கு உங்க சராசரியெல்லாம் தெரியாதுங்க" என்று பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொறந்ததும் போன் பண்றேன். எடுங்க."