ஏழாவது சென்சார்

அடையாறில் சாட்டிலைட் கட்டும் ஷெல்டன் போனில் நன்றி சொன்னபோதுதான் ரூஹிக்கு விஷயமே தெரிந்தது.

"நீங்க குடுத்த ஆறு சென்சார்ல ஒண்ணு கை தவறி விழுந்து விரிசல் விட்டுருச்சு மேடம். நல்லவேளை, அமீன் ஒண்ணு கூடப் போட்டுக் குடுத்திருந்தாரு. அதை மாட்டிட்டோம். நாளைக்குக் காலையில சாட்டிலைட் லாரி ஏறுது."

ரூஹி போனை வைத்தாள். சைதாப்பேட்டை மாடியில் இரண்டே அறை. அவளும் தம்பி அமீனும் அங்கே செய்வது, விண்வெளியில் சோலார் பலகை விரியும்போது கீல் எத்தனை டிகிரி திரும்பியது என்று சொல்லும் சென்சார். வெளிநாட்டுச் சரக்கின் விலையில் பத்தில் ஒரு பங்கு. மாயம் ஒன்றுமில்லை, உள்ளே இருப்பது காருக்குப் போடும் சாதாரண சிப். ஒவ்வொன்றையும் காற்றை உறிஞ்சிய பெட்டிக்குள் பத்து நாள் குளிரிலும் சூட்டிலும் மாறி மாறி வதைப்பார்கள். தாங்கியது விற்பனைக்கு, தாங்காதது குப்பைக்கு. வாங்குகிறவர்கள் காசு கொடுப்பது அந்தப் பத்து நாளுக்குத்தான்.

அமீன் தி. நகர் பாத்திரக்கடையில் வளர்ந்தவன். ஆறு குடம் வாங்கியவர் கையில் ஒரு டம்ளராவது கொசுறாகப் போகாவிட்டால் அவனுக்கு வியாபாரம் முடிந்த மாதிரியே இருக்காது. ஏழாவதை அவன் எடுத்தது இன்னும் பெட்டிக்குள் போகாத தட்டிலிருந்து.

"மேசை மேல வச்சு அழகு பார்ப்பாங்கன்னு குடுத்தேன் ஆபா," என்றான். அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "மாட்டுவாங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"டெஸ்ட் பண்ணலன்னு சொன்னியா?"

"குடுக்கறதையும் குடுத்துட்டுக் குறையும் சொல்வாங்களா? விடு. நூத்துக்குத் தொண்ணூறு தேறிக்கினுதானே கீது. வாயைத் தொறந்தா இனிமே நம்மகிட்ட எவன் வருவான்?"

"மீதி பத்து?"

சோதித்த சென்சார் வேறு கைவசம் இல்லை. ரூஹி ஆட்டோ பிடித்து அடையாறு போனாள்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சாட்டிலைட் உறை போட்டு நின்றது. பதினோரு பேரின் மூன்று வருட உழைப்பு. அவள் சொல்லி முடித்ததும் ஷெல்டன் தலையுறையைக் கழற்றினான்.

"நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுங்க மேடம். அனுப்பிடறேன்."

"டெஸ்ட் பண்ணலன்னுதான் சார் எழுத முடியும்."

"இந்த ராக்கெட்டை விட்டா அடுத்தது எட்டு மாசம் கழிச்சுத்தான். எங்க ஆளுங்ககிட்ட என்ன சொல்றது?"

"தப்பு எங்களுதுன்னு சொல்லுங்க."

"உங்களைத் திட்டினா எட்டு மாசம் குறைஞ்சிருமா?"

ஷெல்டன் தலையுறையையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனான். நாலு திருகுதான். கழற்றிய சென்சாரைப் பையில் போட்டு அவள் கையில் வைத்தான். மறுநாள் லாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தார்கள். கணினித் திரையில் ஒரு கோடுகூடப் பிசகவில்லை.

"தேறிடுச்சு," என்றான் அமீன். குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. "அவருக்குச் சொல்லாத ஆபா. எட்டு மாசம் வீணாப்போச்சேன்னு தாங்க மாட்டாரு."

ரூஹி போனை எடுத்தாள்.

"ஷெல்டன் சார், அது தேறிடுச்சு."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"இதையாவது சொல்லாம விட்டிருக்கலாம் மேடம்."

"அதைச் சொன்னா இதையும் சொல்லணுமே சார்."

"ம். ரிப்போர்ட்டோட அனுப்பி வைங்க. திரும்ப மாட்டணும்."