திருத்தம் போடாத ஆய்விதழ்

“என்ர மனிசன் உயிரோட இருக்கிறார் எண்டு நானே வந்து சொல்ல—”

“அச்சில போனது போனதுதான் அம்மா. திருத்தம் போடுற வழக்கம் எங்களிட்ட—”

“வழக்கமோ? உங்கட வழக்கத்துக்காக இவரைச் சாகச் சொல்லுறியளோ?”

ஈச்சிலம்பற்றுத் தர்மசீலனுக்கு ஏழு மாதங்களாக எடை இல்லை. சிறுநீரக மருத்துவ ஆய்விதழின் பத்தொன்பதாம் தொகுதி அவரை இறந்தவர் என்று அச்சிட்ட காலையில் பாயிலிருந்து எழும்பியவர் கூரையில் முட்டினார். அன்றிலிருந்து மனைவி மதிவதனா அவர் இடுப்பில் தோணிக்கயிறு கட்டித்தான் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருகிறாள். பஸ்காரன் முழு டிக்கட்தான் வெட்டுகிறான்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஆசிரியர் டொக்டர் பாக்கியரத்தினம்தான் ஆய்விதழை 2005இல் தொடங்கினார். முதல் இதழ் நாற்பது பிரதி. சண்டைக் காலத்தில் கடதாசி இல்லாமல் பழைய கிளினிக் துண்டுகளின் பின்பக்கத்தில் அச்சடித்தார்கள். பிறகு வழவழப்பான அட்டை வந்தது, இணையம் வந்தது, வெளிநாட்டு மாநாடுகள் வந்தன. ஒரு திருத்தமும் வரவில்லை. அதை அட்டையிலேயே பெருமையாகப் போட்டார்கள். தொடர்ந்து மூன்று மாதக் கிளினிக்குக்கு வராதவர் இறந்தவர் என்பது பத்தொன்பதாம் தொகுதியில் வந்த நோயாளர் ஆய்வின் விதி. கரைவலை இழுக்கும் காலத்தில் ஈச்சிலம்பற்று ஆட்கள் மூன்று மாதம் இறக்கக்கண்டியில் மீன்பிடி வாடியில் கிடப்பார்கள் என்பதை எவரும் விசாரிக்கவில்லை. ஒரு போன் எடுத்திருந்தால் போதும்.

அப்போது தர்மசீலனுக்குக் குளிசை மட்டும்தான். இப்போது கிழமைக்கு இரண்டு தரம் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். எடை தெரிந்தால்தான் உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுப்பது என்று தெரியும். தராசு பூச்சியம் காட்டுகிறது. “நான் கண்மட்டத்திலதான் எடுக்கிறன் அக்கா, இனி ஏலாது,” என்று தாதி அம்ரா கையை விரித்துவிட்டாள். கால் வீங்கியது, வயிறு வீங்கியது. அவ்வளவு தண்ணீரும் அவரைக் கீழே இறக்கவில்லை.

ஆசிரியர் குழு மூன்று முறை கூடியது. மூன்றாம் கூட்டத்தின் முடிவைத்தான் டொக்டர் இப்போது மேசையில் வைத்தார்: திருத்தம் இல்லை. ஆனால் எடையற்ற நோயாளி ஒருவரைப் பற்றி இருபதாம் தொகுதியில் விசேட கட்டுரை வரும்; அதற்குக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும். கையொப்பமிடும் கோட்டின் கீழ் ‘இறந்தவரின் மனைவி’ என்று அச்சடித்திருந்தது.

கதிரைக் காலில் கட்டியிருந்த தர்மசீலனின் கயிற்றைத் தாண்டி எழுதுவினைஞர் பேனா கொண்டுவந்தார். மதிவதனா படிவத்தை முழுதாக வாசித்து, டொக்டரின் பக்கமே தள்ளினாள்.

“கையொப்பத்தை அவரிட்டயே வாங்குங்கோ டொக்டர், மேலதான் இருக்கிறார். கெதியா வாங்குங்கோ, தண்ணி நெஞ்சுக்கு வந்திட்டுது.”