ரியல்டைம் கெர்னலும் ஒரு பெரிய திரையும்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஸ்டூடியோ. எங்கள் என்றால் நானும் சிவநேசனும். காது அவனுடையது, கணினி என்னுடையது என்று தொடங்கும்போதே பிரித்துக்கொண்டோம்.

கணினிக்குள் கெர்னல் என்று ஒரு மண்டோர், அதாவது மேஸ்திரி, உண்டு. எந்த வேலை முதலில் என்று அவன்தான் ஏவுவான். சாதாரண மண்டோர் கெட்டிக்காரன்தான், ஆனால் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பான். அந்த நேரம் பாட்டில் 'டப்' என்று ஓட்டை விழும். ரியல்டைம் கெர்னல் என்று இன்னொரு வகை மண்டோர், பெரிய வேகக்காரன் இல்லை. சொன்ன நேரத்துக்கு வருவான். பாட்டு ஓடினால் மற்றதெல்லாம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஒரு மாதம் மண்டையை உடைத்து அவனைத் தேர்ந்தெடுத்தேன். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல தலையாட்டிட்டீங்க," என்று என் மனைவி தஸ்லீமா இன்னும் குத்திக்காட்டுகிறாள்.

ஒரே குறை, அந்தக் கெர்னலில் எங்கள் பெரிய திரை வேலை செய்யாது. சின்னத் திரை மட்டும்தான். சிவநேசன் முகத்தைச் சுளித்தான்.

"பாடுறவங்க என்ன, திரையைப் பாத்தா பாடப் போறாங்க?" என்றேன்.

கிள்ளானிலிருந்து பாடகி மாதவி வந்தாள். முதல் ஆல்பம். ஒரு பாட்டு பாடிப் பார்ப்பாள், பிடித்தால் முழுவதும் எங்களிடம்தான். பிடிக்காவிட்டால் ஸ்டூடியோவுக்குப் பூட்டு, எனக்கு மாமாவின் சாப்பாட்டுக் கடைக் கல்லா.

முதல் வரியிலேயே 'டப்'. அடுத்த வரியில் இரண்டு.

"அண்ணே, ஹெட்போன்ல என் குரலே எனக்கு லேட்டா வருது லா," என்றாள்.

வயரை மாற்றினேன். மைக்கை மாற்றினேன். கடைசியில் மன்னிப்புக் கேட்டேன். சிவநேசன் பக்கத்தில் நின்று சிரித்தான்.

"இவன விடுங்க. கெர்னல் கெர்னல்னு நல்லா ஓடுன கம்ப்யூட்டரக் கெடுத்து வச்சிருக்கான்."

மாதவி சிரித்தாள். நானும்தான். என்னைக் கிண்டல் செய்தால் முதலில் சிரிப்பவன் நான்.

அவள் போன பிறகுதான் பார்த்தேன். பெரிய திரை பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னாலேயே நின்றுதான் அவ்வளவு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன்.

"நேசா, கெர்னலை மாத்துனியா?"

"பெரிய ஸ்க்ரீன் இல்லாம எப்படிடா மிக்ஸ் பண்றது? நேத்தே பழசைப் போட்டுட்டேன்."

"அவ முன்னாடி சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நான்தான் கெடுத்தேன்னு நெனப்பாளே!"

யாராவது ஒருவன் கெடுத்தவனாக வேண்டும். நான் பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. மாதவியின் பேஸ்புக்கில் படம் வந்தது: கிள்ளானில் சிவநேசனின் மச்சான் திறந்த புது ஸ்டூடியோ, நடுவில் இவன், பக்கத்தில் அவள். கூடப் படித்தவன், என் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். காது போன பிறகு கணினியை வைத்து என்ன செய்வது? மாமா கல்லாவில் உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம் போன் வந்தது.

"கௌஸு... இங்கயும் டப் டப்னு வருதுடா. மாதவி அழுதுடுவா போல. நீ எந்தக் கெர்னல் போட்ட?"

வைத்துவிடத்தான் நினைத்தேன். பின்னால் அவள் தொண்டையைச் செருமுவது கேட்டது. அவள் என்ன பாவம் செய்தாள்?

ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அங்கே கீபோர்டில் தட்டினான்.

"ஸ்க்ரீன் போயிடும் நேசா."

"போனா போகட்டும் லா!"

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

போனை அணைக்க மறந்துவிட்டான். மாதவி பாடினாள். ஒரு 'டப்' இல்லை. கல்லா முன் நின்றவர், "பாஸ், எவ்வளவு?" என்றார்.

"கொஞ்சம் இருங்க அங்கிள்," என்றேன். "பாட்டு ஓடுது."